சர்வீஸ் அபார்ட்மென்ட்: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

சென்னையில் ஒரு மாதச் சிகிச்சைக்கு வருகிறவர், ஓ.எம்.ஆரில் புதிதாக வேலையில் சேர்கிறவர், கல்யாண ஜவுளி எடுக்கத் தி.நகரில் பத்து நாள் தங்கும் குடும்பம், மார்கழிக் கச்சேரிகளுக்காக மயிலாப்பூர் வரும் வெளிநாட்டுத் தமிழர். இவர்கள் எல்லோருக்கும் ஓட்டல் கட்டுப்படியாகாது, லாட்ஜில் சமைக்க முடியாது, வாடகை வீடென்றால் பதினோரு மாத ஒப்பந்தமும் பெரிய அட்வான்ஸும் கேட்பார்கள். இந்த மூன்றுக்கும் நடுவில் இருப்பதுதான் சர்வீஸ் அபார்ட்மென்ட். கட்டில், மெத்தை, ஏசி, சின்ன அடுப்படி, பாத்திரம் எல்லாம் இருக்கும். பெட்டியோடு போய் இறங்கினால் போதும் என்பது எதிர்பார்ப்பு.

போய் இறங்கியதும் பலருக்குக் கிடைப்பது வேறு. படத்தில் விசாலமாகத் தெரிந்த அறையில் பெட்டியைத் திறந்து வைக்க இடமில்லை. குளியலறையில் சாக்கடை நாற்றம். ஏசி ஓடுகிறது, குளிரவில்லை. கேர்டேக்கரைக் கூப்பிட்டால், “நாளைக்குக் காலையில ஆள் வந்துடுவார் சார்.” அந்த நாளைக்காலை வருவதற்குள் தங்கும் நாட்களில் பாதி போய்விடும்.

இதில் சில வெளிப்படையான மோசடி. பெரும்பாலானவை இந்தத் தொழில் நடக்கும் விதத்திலிருந்தே வருபவை. அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், எங்கே ஏமாறுவோம் என்பதும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ஒரு வீடு, நான்கு பொறுப்பாளர்கள்

பெரிய ஓட்டல் நிறுவனங்கள் நடத்தும் சர்வீஸ் ரெசிடென்ஸ் ஒரு வகை. கட்டடம் முழுவதும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருக்கும். வரவேற்பு மேசை, பராமரிப்பு ஆட்கள், ஜெனரேட்டர் எல்லாம் அங்கேயே. வாடகையும் அதற்கேற்ப இருக்கும்.

நம்மில் பெரும்பாலோர் தங்குவது இரண்டாவது வகை. சாதாரணக் குடியிருப்புக் கட்டடத்தில் நான்கைந்து வீடுகளை ஒருவர் மொத்த வாடகைக்கு எடுக்கிறார். கட்டில், ஏசி வாங்கிப் போட்டு, நாள் வாடகைக்கு விடுகிறார். வீட்டின் சொந்தக்காரர் வேறு ஊரிலோ வெளிநாட்டிலோ இருக்கலாம். முன்பதிவு ஓர் இணையத் தளம் வழியாக வருகிறது. சாவியைக் கொடுப்பவர் ஒரு கேர்டேக்கர்; இதுபோல் பல வீடுகளை அவர் ஒருவரே பார்த்துக்கொள்கிறார்.

ஆக உங்கள் அறைக்குப் பின்னால் நான்கு பேர் இருக்கிறார்கள். சுவரில் நீர் கசிந்தால், “அது ஓனர் செய்ய வேண்டிய வேலை” என்பார் நடத்துகிறவர். “உள்ளே இருப்பதெல்லாம் நடத்துகிறவர் பொறுப்பு” என்பார் ஓனர். குழாய் பொதுவான ஷாஃப்ட்டில் உடைந்திருந்தால் இருவருமே குடியிருப்பு அசோசியேஷனைக் கைகாட்டுவார்கள். “நாங்கள் இடைத்தரகர்தான்” என்பது இணையத் தளத்தின் பதில். நீங்கள் நேரில் பேசக்கூடிய ஒரே ஆளான கேர்டேக்கரிடம் ஒரு பிளம்பரைக் கூப்பிடப் பணம் செலவழிக்கும் அதிகாரம்கூட இருக்காது.

பராமரிப்பு ஏன் தள்ளிப்போகிறது என்பதைக் கணக்கும் சொல்கிறது. நடத்துகிறவர் ஓனருக்கு மாத வாடகை தந்தே ஆக வேண்டும். அவருக்கு வருமானமோ ஆள் தங்கும் இரவுகளில் மட்டும்தான். அதிலும் ஒரு பங்கு தளத்தின் கமிஷனாகப் போய்விடும். மிச்சம் பிடிக்க அவர் முதலில் கைவைப்பது படத்தில் தெரியாத செலவுகளில்: ஏசி சர்வீஸ், மெத்தை மாற்றுவது, தண்ணீர்த் தொட்டி கழுவுவது, பூச்சி மருந்து அடிப்பது. பெயின்ட் படத்தில் தெரியும், அதனால் அது புதிதாக இருக்கும். புதுப் பெயின்ட்டை வைத்துப் பராமரிப்பை எடை போடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

ஓட்டல்களுக்கு நட்சத்திரத் தரம் கொடுக்கும் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டம் விரும்பி விண்ணப்பிக்கிறவர்களுக்கு மட்டுமே. தளத்தில் நீங்கள் பார்க்கும் நட்சத்திரங்கள் பெரும்பாலும் அந்தத் தளமோ தங்கியவர்களோ போட்டவை. யாரும் வந்து அறையை அளந்து பார்த்துத் தந்தவை என்று நினைத்துவிட வேண்டாம்.

சதுர அடி எங்கே போகிறது?

“400 சதுர அடி ஸ்டூடியோ” என்று போட்டிருக்கும். உள்ளே போனால் அவ்வளவு இருப்பதாகத் தெரியாது. இதற்குக் காரணம் எந்த அளவைச் சொல்கிறார்கள் என்பது.

வீடு விற்பவர்கள் சொல்லும் ‘சூப்பர் பில்ட்-அப்’ அளவில் மாடிப்படி, லிஃப்ட், நடைவழி ஆகியவற்றில் உங்கள் பங்கும் சேரும். நீங்கள் நடமாடும் தரையின் அளவு ‘கார்ப்பெட் ஏரியா’. 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம் இதற்கு வரையறை தருகிறது: வெளிச்சுவர், பொது ஷாஃப்ட், பால்கனி ஆகியவற்றை நீக்கி, உள் தடுப்புச் சுவர்களைச் சேர்த்து வரும் பரப்பு. அந்தச் சட்டம் வீடு விற்பனைக்கானது, அறை வாடகைக்கு அல்ல. ஆனால் கேள்வி கேட்க அந்தச் சொல் உதவும். “கார்ப்பெட் ஏரியா எவ்வளவு?” என்று கேட்டாலே எதிர்முனையில் இருப்பவர் நிதானமாகப் பேசத் தொடங்குவார்.

எது சின்ன அறை என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. தேசியக் கட்டட நெறிமுறை 2016-இன்படி, குடியிருக்கும் அறை ஒன்றே ஒன்றுதான் என்றால் அது குறைந்தது 9.5 சதுர மீட்டர், அதாவது சுமார் 102 சதுர அடி இருக்க வேண்டும். அகலம் 2.4 மீட்டருக்கு, ஏறத்தாழ 8 அடிக்கு, குறையக் கூடாது. குளியலறையும் கழிப்பறையும் சேர்ந்திருந்தால் 2.8 சதுர மீட்டர், சுமார் 30 சதுர அடி. மனிதர் வாழக் குறைந்தபட்சம் என்று நிபுணர்கள் வைத்த அளவு இது. பெரிய வீட்டின் ஹாலைப் பிளைவுட்டால் தடுத்து இரண்டு அறைகளாக்கும் இடங்களில் இந்த அளவும் கிடைக்காது, ஜன்னலும் ஓர் அறைக்குத்தான் வாய்க்கும்.

102 சதுர அடி என்றால் ஏறத்தாழ பத்துக்குப் பத்து அறை. அதில் குவீன் கட்டில் 5 அடிக்கு 6½ அடி. மூன்றில் ஒரு பங்கு தரை அதற்கே போய்விடும். அலமாரிக்கு இரண்டடி ஆழம். மீதியில் ஒரு மேசை போட்டால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுந்து நடக்க முடியாது. இரண்டு நாளுக்குச் சரி. முப்பது நாளுக்கு, அதுவும் அறுவைச் சிகிச்சை முடிந்தவரோடு, சரிவராது.

சக்கர நாற்காலி தேவைப்படுகிறவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். சாதாரண நாற்காலியின் அகலமே சுமார் 65 சென்டிமீட்டர். நம்மூர் வீடுகளில் குளியலறைக் கதவு பெரும்பாலும் இரண்டரை அடி. நிலைச்சட்டம் போக உள்ளே நுழைவது இழுபறிதான். வாசல் அகலத்தை டேப்பால் அளந்து படம் அனுப்பச் சொல்லுங்கள். அளக்க மறுக்கும் இடத்தைத் தவிர்த்துவிடலாம்.

எலிவளையானாலும் தனிவளை என்பது நம் பழமொழி. ஓட்டலை விட்டு இங்கே வருகிறவர்கள் தேடுவதும் அந்தத் தனிமையைத்தான். ஆனால் எலிவளைக்கு மாளிகை வாடகை கொடுக்க வேண்டியதில்லை.

படத்தை வைத்தே அளக்கலாம்

அகலக் கோண லென்ஸ் இன்று சாதாரண போனிலும் இருக்கிறது. அறையின் மூலையில் நின்று நெஞ்சளவு உயரத்தில் எடுத்தால் எட்டடி அறை பன்னிரண்டடியாகத் தெரியும். படத்தின் ஓரங்களில் கட்டில், கதவு இழுபட்டு நீண்டிருந்தால் அது அகலக் கோணப் படம்.

தரையைப் பாருங்கள். நம் அடுக்குமாடிகளில் பரவலாகப் போடுவது இரண்டடிக்கு இரண்டடி விட்ரிஃபைடு டைல்ஸ். படத்தில் டைல்ஸை எண்ணினால் அறையின் நீள அகலம் ஓரளவு பிடிபட்டுவிடும். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு டைல்ஸ்கூட முழுதாகத் தெரியவில்லை என்றால் அந்த வழி இரண்டடிக்கும் குறைவு.

படத்தில் இல்லாததும் ஒரு செய்திதான். பதினைந்து படத்தில் குளியலறை ஒன்றுகூட இல்லை, ஜன்னல் எப்போதும் திரை போட்டே இருக்கிறது, கட்டடத்தின் முகப்பு எங்கும் காணோம் என்றால் காரணம் இருக்கும். எதிர்க் கட்டடத்தின் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கலாம், முகப்பு குறுகிய சந்துக்குள் இருக்கலாம்.

முன்பதிவுக்கு முன் வீடியோ காலில் அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வது நல்ல வழி. வாசலிலிருந்து தொடங்கி நிறுத்தாமல் காட்டச் சொல்லுங்கள். ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். குளியலறைக் குழாயைத் திறந்துவிடச் சொல்லுங்கள். உங்களுக்குத் தரப்போகும் அதே அறைதானா என்று கதவு எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். ‘மாதிரி அறை’ படம் போட்டு வேறு அறை கொடுப்பது இந்தத் தொழிலில் மிகச் சாதாரணம்.

பழுது எங்கிருந்து வருகிறது?

சென்னையில் தங்குகிறவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் ஐந்துக்குள் அடங்கிவிடும்.

தண்ணீர்: பல கட்டடங்களில் அடுப்படிக்கு மெட்ரோ வாட்டர், குளியலறைக்குப் போர் தண்ணீர். கடற்கரையை ஒட்டிய பகுதிகளிலும் ஓ.எம்.ஆரின் பல இடங்களிலும் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். லாரித் தண்ணீரை நம்பியே ஓடும் கட்டடங்களும் உண்டு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது ஓ.எம்.ஆர். நிறுவனங்கள் சில ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதை நகரம் மறந்திருக்காது. உப்புத் தண்ணீர் ஷவர் துளைகளை அடைக்கும், கீசரின் சூடேற்றும் கம்பியில் படிந்து அதைப் பாழாக்கும். ‘ஹாட் வாட்டர் உண்டு’ என்ற வரியை மட்டும் நம்பாமல், கீசர் எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் கீசரில் வாளி நிறைய வெந்நீர் பிடிக்க நெடுநேரம் ஆகும். வயதானவர்களுக்கு 15 லிட்டராவது வேண்டும். காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் அந்த இடமே வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது, உயிரையே எடுத்துவிடும்.

நாற்றம்: தரைவடிகாலுக்குக் கீழே வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். சாக்கடைக் காற்று மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். அறை பல நாள் பூட்டிக் கிடந்தால் அது வற்றிவிடும், நாற்றம் உள்ளே வரும். வடிகால் ஒவ்வொன்றிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கொஞ்ச நேரம் பாருங்கள். நாற்றம் அடங்கினால் பிரச்சினை அவ்வளவே. அடங்காவிட்டால் குழாய் அமைப்பிலேயே கோளாறு இருக்கிறது, அறையை மாற்றிக் கேளுங்கள்.

ஏசி: ஒரு டன் ஏசி சுமார் 120 சதுர அடி அறைக்கு ஏற்றது. மேல்மாடியில் வெயில் நேராக விழும் அறைக்கு அதுவும் போதாது. பல இடங்களில் குளிராததற்குக் காரணம் தூசி அடைத்த ஃபில்டர். மூடியைத் தூக்கிப் பார்த்தாலே தெரியும். உள்ளிருந்து தண்ணீர் சொட்டினால் வடிகுழாய் அடைத்திருக்கிறது.

ஓதம்: வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. கச்சேரி சீசன் உச்சத்தில் இருக்கும், வாடகை ஏறியிருக்கும் அதே நாட்களில்தான் சுவர் ஊறியிருக்கும். அலமாரிக்குள் பூஞ்சை வாடை, ஜன்னலோரம் உப்பி நிற்கும் பெயின்ட், கட்டில் தலைப்பக்கம் கறை ஆகியவை அடையாளம். ஆஸ்துமா உள்ளவர்களும் புற்றுநோய்ச் சிகிச்சை எடுப்பவர்களும் அப்படிப்பட்ட அறையில் தங்கவே கூடாது.

மூட்டைப்பூச்சி: ஆள் மாறி ஆள் வரும் எந்த இடத்துக்கும் இது வரும், பெட்டிகள் வழியாகவே வரும். இரத்தம் குடிக்காமல் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால் அறையைப் பூட்டி வைத்தால் ஒழியாது. மெத்தையின் தையல் ஓரம், கட்டிலின் இணைப்புகள், தலைப்பக்கப் பலகையின் பின்புறம் ஆகிய இடங்களில் சிறு கரும்புள்ளிகள் தெரிந்தால் அறை வேண்டாம். பார்த்து முடிக்கும்வரை பெட்டிகளைக் கட்டில்மேல் வைக்காதீர்கள்.

முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டியவை

போனில் பேசியது காற்றோடு போய்விடும். வாட்ஸ்ஆப்பிலோ தளத்தின் செய்திப் பெட்டியிலோ கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கீழே உள்ளதை அப்படியே அனுப்பலாம்:

“நாங்கள் மூன்று பேர், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை. எங்களுக்குத் தரும் அறையின் எண் என்ன, எந்த மாடி? கார்ப்பெட் ஏரியா எவ்வளவு? ஜன்னல் வெளிப்புறம் திறக்குமா? லிஃப்ட்டுக்கு ஜெனரேட்டர் உண்டா? தண்ணீர் 24 மணி நேரமும் வருமா? அடுப்பு, குக்கர், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எங்களுக்கு மட்டுமா, பொதுவா? அறை சுத்தம் வாரத்துக்கு எத்தனை முறை, படுக்கை விரிப்பு எப்போது மாற்றுவீர்கள்? மின்கட்டணம் சேர்த்தா, தனியா? பழுது வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், எத்தனை மணி நேரத்தில் சரிசெய்வீர்கள்? சரியாகாவிட்டால் மாற்று அறையா, பணம் திருப்பமா?”

கடைசி இரண்டு கேள்விகளுக்கு நேரான பதில் தருகிறவர் ஒழுங்காக நடத்துகிறவராக இருக்க வாய்ப்பு அதிகம். “அதெல்லாம் பிரச்சினையே வராது சார்” என்பது பதில் ஆகாது.

விமர்சனங்களைப் படிக்கும்போது சராசரி மதிப்பெண்ணை விட்டுவிடுங்கள். கடந்த மூன்று மாதத்தில் எழுதியவற்றை மட்டும் பாருங்கள்; ஐந்து நட்சத்திரப் புகழ்ச்சியையும் ஒற்றை நட்சத்திரக் கோபத்தையும் தள்ளி, நடுவில் இருப்பவற்றைப் படியுங்கள். ஒரே குறையை வெவ்வேறு மாதங்களில் மூன்று பேர் சொல்லியிருந்தால் அது இன்னும் சரியாகவில்லை என்று அர்த்தம். மழை மாதத்தில் போகிறீர்கள் என்றால் சென்ற ஆண்டு மழை மாத விமர்சனங்களையும் தேடுங்கள்.

“ஒரே ஓர் அறைதான் மிச்சம்” என்ற சிவப்பு எழுத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். பொய்யான அவசரத்தை உண்டாக்குவதையும், கடைசிப் பக்கத்தில் கட்டணங்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதையும், 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறைகள் தடை செய்திருக்கின்றன.

பணத்தைப் பிரித்துக் கட்டுங்கள்

முப்பது நாள் வாடகையை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி தருவார்கள். அந்தத் தள்ளுபடியை விட்டுவிட்டாலும் நஷ்டமில்லை. முதலில் இரண்டு இரவுக்கு மட்டும் பதிவு செய்யுங்கள். இடம் பிடித்திருந்தால் நேரில் பேசி நீட்டிக்கலாம். அப்போது விலையும் குறைத்துக் கேட்கலாம். பிடிக்காவிட்டால் இழப்பது இரண்டு இரவு மட்டுமே. நடத்துகிறவர் கைக்கு இன்னும் வராத பணத்துக்காகத்தான் பிளம்பர் உடனே வருவார்.

அட்வான்ஸ் கேட்டால் எதற்காகப் பிடிப்பார்கள், எத்தனை நாளில் திருப்புவார்கள் என்று எழுதி வாங்குங்கள். யாரோ ஒருவரின் சொந்த எண்ணுக்கு யுபிஐயில் அனுப்புவதைவிடத் தளம் வழியாகவோ கிரெடிட் கார்டிலோ கட்டுவது மேல். கார்டில் கட்டிய பணத்தை வங்கி மூலம் தகராறு எழுப்பித் திரும்பக் கேட்க வழி இருக்கிறது.

ஜிஎஸ்டி விஷயத்தில் குழப்பம் வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 5 சதவீதம். அதற்கு மேல் 18 சதவீதம். நீண்ட நாள் தங்குகிறவர்களுக்கு ஒரு சலுகையும் உண்டு: 2024 ஜூலை 15 முதல், ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாமல், தொடர்ந்து குறைந்தது 90 நாள் தங்கும் இடத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. வரி வாங்குகிறவர் ஜிஎஸ்டி எண் போட்ட பில் தர வேண்டும். வரியைச் சேர்த்து வாங்கிக்கொண்டு துண்டுச்சீட்டு கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பின்னால் புகார் கொடுக்கவும் அந்த பில்தான் ஆதாரம்.

மின்கட்டணம் தனி என்றால் நுழையும்போதே மீட்டரைப் படம் எடுங்கள். ஒரு டன் ஏசி ஓடினால் மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட்வரை செலவாகும் என்று கணக்கு வைத்துக்கொண்டால், கடைசி நாளில் நீட்டும் தொகை நியாயமா என்று நீங்களே பார்த்துவிடலாம்.

அடையாள அட்டை கேட்பது முறைதான். ஆனால் ஆதாரின் முழு எண் தேவையில்லை. முதல் எட்டு இலக்கங்களை மறைத்த ‘மாஸ்க்டு ஆதார்’ நகலை ஆதார் தளத்திலிருந்தே எடுத்துத் தரலாம். இலங்கையிலிருந்தோ வங்கதேசத்திலிருந்தோ வந்து தங்குகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் தங்குமிடத்தார் குடியேற்றத் துறைக்கு இணையவழி அறிவிக்க வேண்டும். ‘சி ஃபார்ம்’ என்று இதைச் சொல்லிப் பழக்கம். அதைச் செய்ய மறுக்கும் இடம் முறையாக நடக்கும் இடமல்ல. சிக்கல் வந்தால் விசாக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

முதல் அரை மணி நேரம்

பெட்டியைப் பிரிக்கும் முன், கேர்டேக்கர் கிளம்பும் முன், சோதித்துவிடுங்கள். போனில் வீடியோவை ஓடவிட்டு, கதவு எண்ணிலிருந்து தொடங்குங்கள். எல்லாக் குழாய்களையும் திறந்து, ஃபிளஷ் செய்து, கீசரைப் போடுங்கள். ஏசியை ஓடவிட்டுப் பத்து நிமிடத்தில் அறை குளிர்கிறதா என்று பாருங்கள். விரிப்பைத் தூக்கி மெத்தை ஓரம் பாருங்கள். பிளக் பாயின்ட்டுகளில் போன் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். உள்தாழ்ப்பாள் விழுகிறதா, ஜன்னலுக்குக் கொக்கி இருக்கிறதா, சிலிண்டர் டியூப்பில் விரிசல் இருக்கிறதா, தீப்பிடித்தால் இறங்க இரண்டாவது வழி உண்டா என்றும் பாருங்கள். ஏற்கெனவே உடைந்திருப்பவற்றைப் படம் எடுத்து அப்போதே அனுப்பிவிட்டால் கடைசி நாளில் அட்வான்ஸில் பிடிக்க முடியாது.

குறை இருந்தால் கேர்டேக்கரிடம் வாயால் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். நடத்துகிறவருக்கும் தளத்துக்கும் ஒரே நேரத்தில் எழுத்தில் அனுப்புங்கள்: என்ன குறை, எப்போது பார்த்தீர்கள், எத்தனை மணிக்குள் சரியாக வேண்டும், இல்லாவிட்டால் என்ன வேண்டும். கோபமாக நான்கு பக்கம் எழுதுவதைவிட, நேரம் குறிப்பிட்ட நான்கு வரி பின்னால் பலமாக நிற்கும். சகித்துக்கொண்டு பத்து நாள் தங்கிவிட்டுக் கடைசியில் கேட்டால், “அப்போதே சொல்லவில்லையே” என்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது.

சரிசெய்யாவிட்டால்

2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி, தளத்துக்குக் குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தளத்தில் போடும் படமும் விவரமும் உண்மையான சேவையோடு பொருந்த வேண்டும் என்று விற்பவரிடம் தளம் உறுதிமொழி வாங்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. “நாங்கள் இடைத்தரகர்தான்” என்ற பதில் வரும்போது இதை நினைவுபடுத்துங்கள்.

அடுத்தது 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். இங்கே தீர்ப்பு கிடையாது, ஆனால் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். பல பணத் திருப்பங்கள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும்.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி சேவைக் குறைபாட்டுக்காக அங்கே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். முக்கியமான வசதி ஒன்று: தங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. சென்னையில் ஏமாந்த மதுரைக்காரர் மதுரையிலேயே போடலாம், இணையவழியாகவும் தாக்கல் செய்யலாம். தீர்ப்புக்குக் காலம் பிடிக்கும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிறிய தொகைக்கு 1915 போதும். பெரிய முன்பணம் மாட்டிக்கொண்டால் ஆணையம்.

அறையில் மறைத்து வைத்த கேமரா போன்றவை கண்ணில் பட்டால் அது நுகர்வோர் பிரச்சினை அல்ல. பெண்ணின் அந்தரங்கத்தை மறைந்திருந்து பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவின்கீழ் குற்றம். பொருளைத் தொடாமல் உடனே போலீஸை அழையுங்கள்.

யாருக்கு எது பொருந்தும்?

இரண்டு மூன்று நாளுக்குச் சர்வீஸ் அபார்ட்மென்ட் தேவையே இல்லை. அதே விலையில் நல்ல லாட்ஜ் கிடைக்கும், பழுது வந்தால் அறை மாற்றித் தர அங்கே வேறு அறைகளும் இருக்கும். ஒரு வாரம் முதல் இரண்டு மாதம்வரை, சமைத்துச் சாப்பிட வேண்டிய குடும்பத்துக்கு இது சரியான இடம். சிகிச்சைக்கு வருகிறவர்கள் மருத்துவமனையின் நோயாளி உதவி மேசையில் விசாரித்துவிட்டு, அதன் பிறகே வாசலில் நிற்கும் புரோக்கரிடம் பேசுவது நல்லது. மூன்று மாதத்துக்கு மேல் என்றால் அறைகலனோடு கூடிய வாடகை வீடே மலிவு.

எதை எடுத்தாலும் ஓர் ஒழுங்கைக் கைவிடாதீர்கள்: கேள்வி எழுத்தில், முதல் கட்டணம் இரண்டு இரவுக்கு, சோதனை கேர்டேக்கர் கிளம்பும் முன், குறை அன்றைக்கே. தங்கி முடித்த பிறகு நல்லதோ கெட்டதோ நான்கு வரி விமர்சனம் எழுதிவிடுங்கள். அறை எண்ணையும் மாதத்தையும் குறிப்பிடுங்கள். உங்களுக்குப் பின் அந்த அறைக்கு ஒரு நோயாளியோடு வருகிற குடும்பத்துக்கு அதுதான் கிடைக்கக்கூடிய நம்பகமான தகவல்.